இரண்டு வேலிகளுக்கு நடுவே விட்ட துண்டு

வேலியைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். வன்னிக்கு வந்த புதிதில் இதைக் கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு வேலி பிடிக்காதாம் என்று கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் ஒரே கதை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர்கள் எங்கள் ஒழுங்கையைப் பார்த்ததில்லை.

எங்கள் தகப்பனாரை நாங்கள் அப்பு என்று கூப்பிட்டோம். அவருடைய தம்பி எங்களுக்குக் குஞ்சியப்பு. இரண்டு பேருடைய வீட்டு வளவுக்கும் நடுவால் ஓர் ஒழுங்கை போனது. அக்காவுக்கும் எனக்கும் நினைவு தெரிந்த காலத்தில் அதில் ஒரு வண்டில் தாராளமாகப் போகும். எங்கள் ஊரில் வேலி அடைப்பதற்கு ஒரு முறை உண்டு. வேலியைத் தாங்குகிற கதியால் உளுத்துப் போனால், அதைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் புதிய தடியை நட மாட்டார்கள். பழையது வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதற்கு வெளிப்பக்கமாகப் புதியதை நடுவார்கள். புதியது வேர் விட்டதும் பழையதை வெட்டி அடுப்புக்கு வைப்பார்கள். இதைக் களவு என்று ஒருவரும் நினைப்பதில்லை. கை அப்படித்தான் பழகியிருக்கிறது. ஒரு முறை நாலு விரல், இன்னொரு முறை ஒரு சாண். அப்புவும் நட்டார், குஞ்சியப்புவும் நட்டார். கடைசியில் வண்டில் போன ஒழுங்கையில் சைக்கிளை உருட்டவே பக்கம் பார்க்க வேண்டி வந்தது. பிறகு வழக்கு வந்தது. பிறகு பேச்சு நின்றது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே கோயிலில் ஆளுக்கொரு தூணுக்குப் பின்னால் நின்று கும்பிட்டார்கள்.

அப்பு இறந்த அன்று பாடையை நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு போக அந்த ஒழுங்கையில் இடம் இல்லை. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், சரித்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். பாதி வழியில் குஞ்சியப்புவின் கதியாலில் பாடை கொளுவிக்கொண்டது. "வேலியைக் கொஞ்சம் பிரிச்சு விடுங்கோவன்" என்று யாரோ உள்ளே பார்த்துக் கேட்டார்கள். குஞ்சியப்பு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். கேட்டது அவருக்கு நன்றாகக் கேட்டது. கை அசையவில்லை. சரித்த சரிப்பில் அப்புவின் கை துணிக்கு வெளியே வந்து, வேலியின் கிடுகோலையில் உரசிக்கொண்டே போனது. எங்களில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, வாசற் படலையோடு நின்றுவிட வேண்டும். நானும் அக்காவும் படலையில் நின்று அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்கு அடுத்த வருஷம் எனக்குக் கலியாணம் பேசி வந்தது. மாப்பிள்ளைக்குக் குடியேற்றத்தில் காணி கிடைத்திருக்கிறது, பரந்தனில் இறங்கி மாட்டு வண்டிலில் கிழக்கே போக வேண்டும், காடு, பாம்பு, காய்ச்சல் எல்லாம் உள்ள இடம் என்று தரகர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அங்க ஒழுங்கை இருக்கோ?" என்று கேட்டேன்.

"ஒழுங்கையோ? அங்க வேலியே இல்லைப் பிள்ளை" என்றார்.

"அப்ப சரி."

அம்மா என்னை விசர் பிடித்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தா.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. குடியேற்றத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேட்டில் வீட்டுக்காணி, இந்தப் பக்கம் வயல். எங்கள் வயல் கடைசி வரிசையில் இருந்தது. அதற்கு அப்பால் றோட்டு வரைக்கும் பற்றைக்காடு. அது ஒருவருக்கும் சொந்தமில்லை, அதனால் எல்லாருடைய வேலையும் அதற்குள்தான் நடந்தது. நெல் ஏற்றிய வண்டில் அதற்குள்ளால் போகும். எருமைகள் அதற்குள்ளால் குளத்துக்கு இறங்கும். தை மாதத்தில் அங்கேதான் களம் செதுக்கி, கதிரைப் பரப்பி, மாடு விட்டுச் சூடு மிதிப்போம். பதரும் தூசியும் பற்றைமேல் போய் விழும், கேட்பதற்கு ஆள் இல்லை. வாய்க்காலில் அள்ளுகிற சேற்றையும் அங்கேதான் எறிவோம்.

சில வருஷங்களில் அந்தப் பற்றைக்காட்டை வெட்டிக் குடியிருப்புக் காணியாகக் கொடுக்கப் போகிறார்கள் என்று கதை வந்தது. எனக்குப் பெரிய சந்தோஷம். உடனே அக்காவை விண்ணப்பிக்கச் சொன்னேன். அத்தானுக்கு இழுப்பு வருத்தம். ஊரில் புகையிலைத் தோட்டத்து வேலையும் அந்தத் தூளும் அவருடைய நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தன. இங்கே வந்தால் கூலிக்கு வயல் வேலையும் இருக்கும், நல்ல காற்றும் இருக்கும். காணி கிடைத்தது. அதுவும் எங்கே? எங்கள் வயலுக்கு நேரே பின்னால். எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

ஒரு நாள் வயலுக்குப் போனபோது, நிலம் அளக்கிற சேவயரின் ஆட்கள் முளை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முளை எங்கள் வரம்பின்மேலேயே நின்றது.

"உது என்ன முளை?" என்று கேட்டேன்.

"வீட்டுக்காணியின்ர பின் எல்லை, அக்கா."

அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் வரம்பு முடிகிற இடத்தில் அக்காவின் வளவுப் பின்கோடி வேலி தொடங்கும். நடுவில் ஒரு சாண் நிலம் இல்லை. வண்டில் எதால் போகும்? எருமை எதால் போகும்? வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள் சூடு மிதிக்க, அந்தப் பக்கம் இழுப்புக்காரர் படுத்திருப்பார். நாங்கள் விதைத்த மறுநாள் அவளுடைய கோழிகள் எங்கள் விதைநெல்லில் நிற்கும். குடியேற்றத்தின் அடுத்த யூனிற்றில் இதேபோல வயலோடு ஒட்டி வீடு கட்டிய மச்சான்மார் இரண்டு பேர் இருந்தார்கள். கோழியில் தொடங்கியது. ஒருவர் நெல்லில் மருந்து கலந்து எறிந்தார். மற்றவர் இரவோடு இரவாக வாய்க்காலை வெட்டி முற்றத்துக்குள் தண்ணீரைத் திருப்பிவிட்டார். கடைசியில் ஒருவருக்குக் கை முறிந்தது. நல்லாயிருந்த மனிதர்கள். பொல்லாத இடத்தில் அடித்த முளை அவர்களைப் பொல்லாதவர்கள் ஆக்கியது.

அக்காவும் நானும் அப்புவும் குஞ்சியப்புவும் ஆகிவிடுவோம். அன்றைக்கு அந்த வரம்பில் நின்று எனக்குத் தோன்றியது இது ஒன்றுதான். விடமாட்டேன் என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் காணிக் கந்தோருக்குப் போகப் புறப்பட்டேன். என் கணவர் அதிகம் கதைக்காத மனிதர்.

"இஞ்சேரும், அங்க போய் வாயைக் குடுத்துப்போடாதேயும்" என்றார்.

"வேற என்னத்துக்குப் போறன்? வாயைக் குடுக்கத்தான் போறன்."

காணி உத்தியோகத்தர் கறார்ப் பேர்வழி என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார், நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். வீட்டுக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் வெறுமனே கிடக்க வேண்டும் என்றேன். வண்டிலுக்கும் மாட்டுக்கும் தூசிக்கும் சேற்றுக்கும் அது வேண்டும், அது இல்லாவிட்டால் வருஷா வருஷம் கை முறியும் என்றேன்.

"தங்கச்சி, நீங்கள் சொல்லுறது விளங்குது" என்றார் அவர். "ஆனா காணி கேட்டு நிக்கிற சனத்தைப் பாருங்கோ. வெறுமனே விட நான் எங்க போறது நிலத்துக்கு?"

"அந்தத் துண்டுக்குப் பாதியை வீட்டுக்காணியில எடுங்கோ. மற்றப் பாதியை எங்கட வயல் பக்கத்தில எடுங்கோ."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சரி, விட்டால் நீங்கள் விட்டு வைப்பியளோ? யாழ்ப்பாணத்தாருக்கு வெறுங்காணியைக் கண்டா நித்திரை வராது. இண்டைக்கு நான் விட்டிட்டுப் போனா நாளைக்கு அதில கதியால் நிக்கும்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "ஐயாவுக்கு எந்த ஊர்?" என்று கேட்டேன்.

"நானும் அங்கதான். அதாலதான் சொல்லுறன்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிந்ததும் அவர் ஒரு நிபந்தனை போட்டார். வயல்காரர் எல்லாரும் தங்கள் பக்கத்தில் விட்டுக்கொடுக்கச் சம்மதித்தால், அரைச் சங்கிலி, அதாவது முப்பத்துமூன்று அடி அகலத்துக்கு அந்தத் துண்டை விடுவார். வருகிற காலபோகம் அறுவடை முடிந்ததும் தானே வந்து அளப்பார். ஒரு வேலியாவது வெளியே வந்திருந்தால், துண்டு முழுவதையும் வெட்டி வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்.

"ஒரு வேலி போதும்" என்று இன்னொரு தரம் சொன்னார். "பிறகு என்னட்ட வந்து அழக்கூடாது."

"நான் அழுகிற ஆள் இல்லை ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சம்மதம் வாங்குவதுதான் பெரும்பாடாகப் போயிற்று. சங்கக்கடைக்கு அரிசி வாங்க எல்லாரும் வருகிற நாளாகப் பார்த்துக் கதையைத் தொடங்கினேன். முதலாம் குடியேற்றத்தில் வந்த ஒரு அண்ணை இருந்தார். எங்கள் வயலுக்கு அடுத்தது அவருடையது.

"யானையோட மல்லுக்கட்டி வெட்டின காடு" என்றார் அவர். "கவண்மேந்து கேட்டாலும் ஒரு முழம் குடுக்கமாட்டன். நீ கேட்டா?"

"தரவேண்டாம் அண்ணை. தை மாசம் உங்கட நெல்லு வண்டில் எதால வெளியில வரும்? புதுசா வாற ஆக்களின்ர அடுப்படிக் குசினிக்குள்ளாலயோ?"

நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணை சிரிக்கவில்லை. "வாய்க்காரி" என்று சொல்லிவிட்டுச் சாக்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தார். அவருக்கும் நிலம் விடுவதில் மனம் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த மண்ணில் அவருடைய வியர்வையும் கிடந்தது. விடிந்ததும் அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போவதைக் கண்டேன். பின்னால் போய்ப் பார்த்தால், பழைய வரம்பை விட்டு உள்ளே தள்ளிப் புது வரம்பு வெட்டிக்கொண்டிருந்தார்.

"கதைச்சுக் காட்டினால் நம்பமாட்டினம்" என்றார், நிமிராமலே. "வெட்டிக் காட்டுவம்."

நானும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டேன். காய்ந்த நிலம், கல்லாக இருந்தது. அடுத்த வயலில் அண்ணை சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடியே இருந்தார். நாங்கள் வரம்பை முடித்த நாளில் அவர் எழும்பி வந்து, எங்கள் புது வரம்பு முடிகிற இடத்தில் கால் வைத்துப் பார்த்தார்.

"வளைஞ்சு போயிருக்கு. உங்களுக்கு வரம்பு வெட்டத் தெரியாது" என்றார். பிறகு அதிலிருந்து தன் பக்கத்துக்குக் கயிறு பிடித்தார். அவர் வெட்டத் தொடங்கியதும் மற்றவர்களும் வெட்டினார்கள்.

அப்படித்தான் அந்தத் துண்டு கிடைத்தது. பெயர் ஒன்றும் வைக்கவில்லை. துண்டு என்றால் எல்லாருக்கும் விளங்கும். குளக்கட்டிலிருந்து வாய்க்கால் வளைவு வரையும், அங்கிருந்து சுடலைப் பக்கம் வரையும் அது நீண்டு கிடந்தது. சங்கக்கடை வாசலில் வைத்தே சில ஒழுங்குகள் பேசிக்கொண்டோம். விதைக்கிற கிழமையில் கோழிகளை அடைத்து வைக்க வேண்டும். சூட்டுக்களம் காற்றுக்குக் கீழ்ப்பக்கத்துக் கோடியில் இருக்க வேண்டும், வீடுகளுக்கு நேரே கூடாது. வேலி போடுகிறவர்கள் துண்டின் ஓரத்தில் நட்ட எல்லைக் கல்லுக்கு உள்ளே போட வேண்டும்.

மழைக்கு முந்தி அக்கா வந்து சேர்ந்தாள். பரந்தன் ஸ்ரேசனில் இறங்கிய சாமான்களில் உரல், அம்மி, ஒரு கூடை கோழி எல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே ஈரச்சாக்கில் சுற்றிய பெரிய கட்டு ஒன்று.

"உதென்ன அக்கா?"

"கிளுவைக் கதியால். எங்கட வேலித் தடி."

"சுத்திவரக் காடு நிக்குது. தடியைக் காவிக்கொண்டு வந்தனியோ?"

"காட்டுத் தடி எங்கட தடி போல வருமோடி?"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. அத்தானும் சிரிக்கப் போய் இருமத் தொடங்கிவிட்டார்.

அந்த முதல் கிழமைகளை நினைத்தால் இப்போதும் மனம் குளிரும். நான் வயலில் நின்று கூப்பிட்டால் அக்கா தன் கோடிப் படலைக்கு வந்துவிடுவாள். துண்டின் குறுக்கே நடந்து வந்து வரம்பில் இருப்பாள். கறி கொண்டுவருவாள். எட்ட இருந்ததால் தேடி வந்தோம். அவளுடைய வளவுக்குக் காய்ந்த தடியால் அவசர வேலி ஒன்று போட்டிருந்தார்கள். ஒரு நாள் கட்டாக்காலி எருமை இரண்டு அதை முறித்துக்கொண்டு உள்ளே போய், அவள் நட்ட கத்தரிக் கன்றுகளைத் துவைத்துவிட்டன. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தாள்.

அடுத்து மழை விழுந்தது. கதியால் நட ஏற்ற மழை. காலையில் நான் வயலுக்குப் போகும்போது அக்காவின் கிளுவைத் தடிகள் வரிசையாக நின்றன. காய்ந்த வேலிக்கு வெளியே. கல்லுக்கு வெளியே. துண்டுக்குள்.

"அக்கா, என்ன வேலை இது?"

"வேலி போடுறன். கண் தெரியேல்லையோ?"

"கல்லுக்கு வெளியால நட்டிருக்கிறாய்."

"வேற எங்க நடுறது? பழைய வேலி நிக்குதெல்லோ. உள்ளுக்க நட்டா மிச்சக் கத்தரியும் போயிடும். இது வேர் விடட்டும். பேந்து பழையதைப் பிடுங்குவம்."

சொல்லுக்குச் சொல் அப்பு சொல்வதுதான். அவள் களவாக ஒன்றும் செய்யவில்லை. அவளுடைய கைக்குத் தெரிந்த வேலியைப் போட்டிருந்தாள்.

"கந்தோர் ஐயா அறுவடை முடிய வந்து அளப்பார். ஒரு வேலி வெளியில நிண்டாலும் துண்டு முழுக்கப் போயிடும் எண்டு சொன்னனானெல்லோ."

"ஒரு முழமடி. அவ்வளவு பெரிய வெளியில ஒரு முழம் போனா வண்டில் போகாதோ?"

"இந்த முறை போகும்" என்றேன்.

அவளுக்கு அது விளங்கவில்லை. விளங்காதமாதிரி இருந்தாளோ, தெரியாது. இரண்டு மூன்று தரம் போய்ச் சொன்னேன். பிறகு பார்க்கிறேன் என்றாள். அதற்குள் அவளுக்கு இந்தப் பக்கத்து வீட்டுக்காரர் அவளுடைய வேலிக்கு நேராகக் கயிறு பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு அப்பால் உள்ளவரும் தடி வெட்டி வைத்திருந்தார்.

"என்ன அண்ணை இது?" என்று கேட்டேன்.

"உங்கட அக்காவே நட்டிருக்கிறா. நாங்கள் நட்டா என்ன?"

வீட்டுக்கு வந்து குழி தோண்டுகிற அலவாங்கை எடுத்தேன்.

"யோசிச்சுச் செய்யும்" என்றார் என் கணவர். "கொக்கா எல்லோ."

"அக்கா எண்டபடியாத்தான் அவளின்ர முதல்ல."

முதல் கதியாலைப் பிடுங்கும்போது அக்கா குசினி வாசலில் நின்றாள். ஓடி வந்து தடுப்பாள் என்று நினைத்தேன். வரவில்லை. நான் ஒரு தடியையும் முறிக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கல்லுக்கு உள்ளே குழி தோண்டி, நேராக நிறுத்தி, மண் போட்டு மிதித்தேன். இடைஞ்சலாக நின்ற கத்தரிக் கன்றுகளை வேரோடு மண்ணோடு கிளப்பி அப்பால் நட்டேன். மழை பெய்துகொண்டிருந்தது. கை கொப்பளித்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் கயிற்றைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனதைக் கண்டேன். கடைசித் தடியை மிதிக்கும்போதுதான் அக்கா பக்கத்தில் வந்தாள்.

"ஒரு முழம் தர மனமில்லை உனக்கு" என்றாள். "வருத்தக்காரனோட வந்திருக்கிறன். கூடப் பிறந்தவள் எண்டு நம்பி வந்தனான். நீ குஞ்சியப்பு. குஞ்சியப்புவேதான்."

எனக்கு வாய் நீளம் என்று எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு நான் திருப்பிக் கதைக்கவில்லை. அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வரம்பு வந்ததும் இருந்து அழுதேன். அழுகிற ஆள் இல்லை என்று உத்தியோகத்தரிடம் சொன்னது ஞாபகம் வந்து, அதற்கும் சேர்த்து அழுதேன்.

அதோடு அக்கா என்னோடு பேச்சை விட்டாள். எந்தப் பேச்சு நிற்கக் கூடாது என்று இவ்வளவு பாடும் பட்டேனோ, அந்தப் பேச்சு நின்றது. நான் வயலில் நின்றால் அவள் கோடிப் படலைக்கு வரமாட்டாள். திரும்பப் போய் அந்தத் தடிகளை வெளியே நட்டுவிட்டு அவளோடு கதைக்கலாமா என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். யோசித்தேன், செய்யவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவளும் அந்தக் கதியால்களைத் தொடவில்லை. விதைப்புக் கிழமையில் கோழிகளை அடைத்து வைத்தாள். எங்கள் விதைநெல்லில் அவளுடைய ஒரு கோழிகூட வாய் வைக்கவில்லை.

அறுவடை முடிய உத்தியோகத்தர் சொன்னபடி வந்தார். சங்கிலியை இழுத்துக் கோடியிலிருந்து கோடி வரை அளந்தார்கள். சூட்டுக்களத்தில் எருமைகள் சுற்றிக்கொண்டிருந்தன. நெல் ஏற்றிய வண்டில்கள் ஒன்றையொன்று விலத்திக்கொண்டு போயின.

"தங்கச்சி, உண்மையைச் சொன்னா நான் நம்பேல்லை" என்றார். "எப்பிடிச் செய்தனீங்கள்?"

"கேக்காதேயுங்கோ ஐயா" என்றேன்.

அத்தான் மட்டும் என்னோடு வழக்கம்போலக் கதைத்தார். காலை நேரங்களில் மெல்ல மெல்லத் துண்டில் நடந்து வந்து வரம்பில் இருப்பார்.

"இந்தச் சூடு மிதிப்புக்கு எனக்கு இழுப்பு வரேல்லை" என்று ஒரு நாள் சொன்னார். "தூசி எங்கட பக்கம் எட்டிப் பாக்கேல்லை."

"அக்காவுக்கு இன்னும் கோவமோ அத்தான்?"

"கோவம் எப்பவோ ஆறிப்போச்சு. கொக்கா அதைச் சொல்லமாட்டா. அப்புவின்ர பிள்ளை எல்லோ." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீயும் அவரின்ர பிள்ளைதான். நீயும் போகமாட்டாய்."

உண்மைதான். நானும் போகவில்லை. எனக்கும் வீம்பு. நான் செய்தது சரி என்று அவள் வாயால் வர வேண்டும் என்று இருந்தேன்.

அடுத்த மழைக்கு அத்தானுக்கு மார்ச்சளி கட்டியது. வண்டிலில் ஆசுபத்திரிக்குக் கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது அவர் இல்லை. செய்தி கேட்டு நான் துண்டின் குறுக்கே ஓடினேன். கோடிப் படலை திறந்து கிடந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். விடியும்வரை அப்படியே இருந்தோம்.

பகல் பாடை கட்டினார்கள். முன்பக்கத்து றோட்டு மழையில் சேறாகிக் கிடந்தது. "துண்டால கொண்டு போவம். நேராச் சுடலைக்குப் போய்ச் சேரலாம்" என்றார் காடு வெட்டின அண்ணை. கோடிப் படலையால் பாடையை வெளியே எடுத்தார்கள். நாலு பேர் தோளில் வைத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் சனம் நடக்க, முன்னால் பறை போனது. அண்ணையும் தோள் கொடுத்திருந்தார். ஒரு பக்கம் எங்கள் வரம்பு, மறுபக்கம் தழைத்து நின்ற கிளுவை வேலி. நடுவில் அத்தான் ஆடாமல் அசையாமல் போனார்.

பெண்கள் எல்லாரும் படலையோடு நின்றோம். அழுகைச் சத்தம் ஓய்ந்துகொண்டு வந்தது. அக்கா கூட்டத்தை விலத்திக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் நின்றாள். என் கையைப் பிடித்தாள். அன்று கொப்பளித்துக் காய்த்துப்போன இடத்தை அவளுடைய பெருவிரல் தடவியது.

"அப்புவைச் சரிச்சுக் கொண்டு போனவை" என்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் என்னோடு கதைத்த முதல் கதை அது. "இவரை நேராக் கொண்டு போகினம். பாரடி."

"ஓமக்கா" என்றேன். வாய்க்கால் வளைவில் பாடை திரும்பும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அது ஒரு கதியாலிலும் படவில்லை.